வீட்டைப் பார்த்து நின்றவர்கள்

நேற்றுவரை அவர்கள் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். இன்று மத்தியானம் மயிலாள் சன்னலைத் திறந்தபோது, வேலியோரம் துப்பாக்கியோடு காவல் நின்ற பன்னிரண்டு பேரும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

பல்லடத்துக்குத் தெற்கே, கோழிப்பண்ணைக்குள்ளேயே அவள் வீடு. நோய் கண்ட ஐயாயிரம் கோழிகளையும் போன வாரம் குழி தோண்டிப் புதைத்தாகிவிட்டது. சுண்ணாம்புத் தூளின் நெடியும், அதற்கடியில் கிடந்து புளித்த வேறொரு வாடையும் கதவிடுக்கில் நுழைந்து சோற்றுச் சட்டிவரை வந்தன. தறிச்சத்தம் ஓயாத ஊரில் ஒரு தறிகூட ஓடவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. காய்ச்சல் என்று ஒத்துக்கொண்ட கணவர் பழனிமுத்துவைத் திங்கட்கிழமை வண்டியில் ஏற்றினார்கள். எங்கே என்று கேட்டால், நாட்டுப் பாதுகாப்பு ரகசியமாம். காய்ச்சலுக்கு என்ன ரகசியம், பாழாய்ப்போனவர்கள்!

அதனால்தான் மகள் தரணிக்கு உடம்பு சுடுவதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண், உள்ளறையில் போர்த்திக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு இருமல் வரும்போதெல்லாம் மயிலாள் மிக்சியை ஓடவிட்டாள், உள்ளே ஒன்றுமே போடாமல்.

நான்கு மணிக்குக் கரண்ட் போனது. மிக்சி நின்றது.

தரணி இருமினாள். ஒருமுறை. பிறகு அடக்க முடியாமல், தொடர்ந்து.

வெளியே மைக் கரகரத்தது. உள்ளூர்க்காரக் குரல்தான். "அம்மிணி, மெரளாதீங்க. நாட்டோட பாதுகாப்புக்குத்தானுங்க. இருந்த எடத்துலயே இருங்க."

"ஊட்ல நான் மட்டுந்தானுங்க இருக்கறேன்!"

மைக் அணைந்தது.

"அம்மா, யாருங்கம்மா?"

"ஒன்னுமில்ல கண்ணு. சத்தம் போடாத."

கதவு நெம்பப்பட்டது. வெள்ளை உடையில் ஆறு பேர். முகத்தை மறைத்த கண்ணாடி. ஓடவில்லை, அதட்டவில்லை. பாதத்தைத் தூக்காமல், தரையில் தேய்த்துத் தேய்த்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

மயிலாளுக்கு அந்த நடை தெரியும். இருபது வருடமாக, விடிந்ததும் கோழிச் செட்டுக்குள் அவள் நடந்த நடை அது. காலைத் தூக்கி வைத்தால் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகும். நோயில் தலை தொங்கிய கோழியை மட்டும் பார்த்து, மற்றவை அறியாமல், காலைப் பிடித்து எடுத்துவிட வேண்டும்.

கத்த நினைத்தாள். அவள் கால்கள் தாமாகவே மூலைக்கு ஒதுங்கி வழிவிட்டன.

முதல் ஆள் உள்ளறையில் குனிந்தான். தரணியின் இரண்டு கணுக்கால்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தான்.

மற்ற ஐந்து பேரும் மயிலாளைப் பார்த்தார்கள்.

அவள் தலையைத் தொங்கவிடாமல் நிமிர்த்திக்கொண்டாள்.