அரை வயிறு

தூளிக்குள் கிடந்த குழந்தை ஒன்றுதான். மூச்சு இரண்டாகக் கேட்டது.

மாதம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிர்ப் புளியமரத்தை விழுங்கியிருந்தது. நனைந்த கூரைப்புல்லின் வாடையும் அடுப்புப் புகையும் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றின. ஒரு மூச்சு நிதானமானது, மூன்று மாதத்துக் கொழுகொழு மகனுடையது. மற்றது மெலிந்து, அவசர அவசரமாக, நடுவில் நின்று நின்று வந்தது. அது யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மூத்த மகள் வயிற்றிலிருந்தபோது மாதம்மாள் அரை வயிறுதான் சாப்பிட்டாள். பிள்ளை பெருத்து வெளியே வராமல், பஸ் இல்லாத மலையிலிருந்து டோலி கட்டி ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே அக்காள் செத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். பிள்ளை சிறுத்தால் சுலபமாகப் பிறக்கும் என்று களியைக் கிள்ளித் தின்றுவிட்டு மிச்சத்தை நாய்க்குப் போட்டாள்.

"நல்லா சாப்புடும்மா, உள்ள பாப்பா வளரவேயில்ல" என்று நர்சம்மா தலைபாடாக அடித்துக்கொண்டதற்கும் மண்டையை ஆட்டி வைத்தாள்.

சுலபமாகத்தான் பிறந்தது. பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. பால் குடித்துத் தூங்கிய பிள்ளை, ஒரு முனகல்கூட இல்லாமல், தூளியிலேயே விறைத்துக் கிடந்தது. சாமி எடுத்துக்கொண்டது என்றார்கள் ஊரில். நாய் தின்ற களியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் உயிருக்குப் பயந்து பெற்றதைப் பட்டினி போட்டுக் கொன்றோம் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவேயில்லை.

மகனை வாரி எடுத்தாள். தூளி மேலே எழவில்லை. கனத்தோடு தொங்கியது.

சுவரோரம் உட்கார்ந்து மகனுக்கு வலது மார்பைக் கொடுத்தாள். தூளி மெல்ல ஆடியது. நின்றது. இப்போது காலியாகத் தொய்ந்திருந்தது.

இடது மார்பில் ஏதோ பட்டது. சில்லென்று. சின்ன வாய்.

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அந்த வாய் தெம்பில்லாமல் நழுவி நழுவித் தேடியது. அவளால் பொறுக்க முடியவில்லை. முந்தானையை விலக்கினாள்.

"குடிம்மா. வயிறு நெறைய குடி."

பால் இறங்கியது. மடியின் இடப்பக்கம் கனத்தது. வலப்பக்கம் லேசாகிக்கொண்டே வந்தது. தெரிந்தது அவளுக்கு. இடப்பக்கத்தை உதறினால் போதும். ஒருமுறை பிடுங்கியதை மறுபடியும் எப்படிப் பிடுங்குவது?

கொல்லை வேலை முடிந்து வந்த கணவன் துரைக்கண்ணு வாசலில் குனிந்து பார்த்தான்.

"இன்னா, புள்ள தூங்கிட்டானா?"

"அவன் தூங்கிட்டான்" என்றாள். "இவ இன்னும் குடிக்கிறா."

வலது கையில் கிடந்த மகனின் உதடுகள் நீலம் பாரித்துத் திறந்திருந்தன. ஆளில்லாத இடது பக்கத்தில், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், பால் போய்க்கொண்டே இருந்தது.