கண் திறந்த மஸ்டாங்

முகப்பு விளக்கின் மேல் விளிம்பில் கட்டைவிரலை வைத்ததுமே குமரகுருவுக்குத் தெரிந்துவிட்டது, அது அவன் தேய்த்த விளிம்பு இல்லை.

வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கத்தான் வந்திருந்தான். சாயங்காலம் தம்பி லோகேஷுக்கு மாப்பிள்ளை அழைப்பு. கச்சபேசுவரர் கோயில் வாசலில் ஏறி, ராஜ வீதி வழியாக மண்டபம் வரை இந்தத் திறந்த காரில்தான் ஊர்வலம். வாலாஜாபாத் சாலையில் இருந்த ஷெட்டில், தகரக் கூரைமேல் ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டே இருக்கும் ஓசைக்குக் கீழே, கறுப்பாக, நீளமாக, மூக்கை வாசலுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது அது.

அமெரிக்காவில் பிறந்த கார் இல்லை. அடிபட்டுக் கிடந்த பழைய செடான் ஒன்றின் கூரையை அறுத்துப் போட்டுவிட்டு, அதன்மேல் ஃபைபரில் மஸ்டாங் உடம்பு வார்த்தவன் குமரகுருதான். கோயில்களுக்குச் சிம்மமும் யானையும் குதிரையும் வாகனம் செய்து கொடுக்கிற குடும்பம். இந்தக் காருக்காக மஸ்டாங்கின் படங்களை மாடல் மாடலாகச் சேர்த்து ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தான். அறுபதுகளில் வந்த முதல் வண்டிக்கு வட்டக் கண், பார்த்தால் பாவமாக இருக்கும். 2015இல் கண் நீண்டு, உள்ளே மூன்று கீற்று வந்தது. 2018இல் பானெட் தாழ்ந்தது, கண் இன்னும் சிறுத்தது, பானெட்டின்மேல் மூக்குத் துவாரம்போல் இரண்டு திறந்தன. 2024இல் புருவத்துக்குக் கீழே வெறும் வெளிச்சக் கோடுகள். வருஷம் போகப் போக, கண் இடுங்கி வாய் அகன்றுகொண்டே வந்த முகம்.

அவன் செய்தது 2015. கண் பெரிதாக இருந்தால்தான் ஃபோட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று வண்டிக்காரர் தணிகாசலம் கேட்டிருந்தார்.

எதிரே நின்றது 2018.

பானெட்டில் துவாரங்கள் இருந்தன. ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. சட்டென்று உருவிக்கொண்டான். ஃபைபர் வார்த்த ரெசின் நெடி வரவேண்டிய இடத்தில், மழையில் நனைந்த மாட்டின் வாடை வந்தது.

"இன்னா குரு, மூஞ்சயே மாத்திட்ட, ஒரு வார்த்த சொல்லல?" சாமந்திச் சரங்களைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார் தணிகாசலம். "தம்பி கல்யாணம்னா மட்டும் தனி கவனிப்பாப்பா?"

"நான் மாத்தலண்ணா."

"சரி, முனீஸ்வரன் வந்து மாத்திட்டுப் போயிட்டாரு."

"நெசமாத்தாண்ணா. எப்பத்திலிருந்து இப்டி இருக்குது?"

"மாகறல் மாப்ள இளவரசன் ஊர்கோலம் முடிச்சிக்கினு வந்து கவர் போட்டு மூடனேன். இன்னிக்குத்தான் தொறக்கறேன். சாவி உன்கிட்ட ஒண்ணு கீது, நீதான் வந்திருப்ப." அவர் சரத்தைக் கண்ணாடியில் சுற்ற ஆரம்பித்தார். "அது கெடக்குது, சீட்டுக்கு அடியில ஸ்பீக்கர் ஒயரு அறுந்துகீது பாரு."

செடான் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடும். அதனால் நிஜ மஸ்டாங்கின் உறுமலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில்தான் விடுவார்கள். குமரகுரு குனிந்து பார்த்தான். ஒயர் இரண்டாகத் தொங்கியது.

"அப்ப உறுமல் வராதேண்ணா."

"வருதே. முன்ன விட நல்லாவே வருது."

தணிகாசலம் சாவியைத் திருகினார். தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. பானெட்டுக்கு அடியிலிருந்தும் இல்லை. உடம்பு முழுக்க எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது அந்தச் சத்தம், மூச்சு விடுவதுபோல.

குமரகுரு ஓரடி பின்னால் நகர்ந்தான். வேலை முடிந்த நாள் ஞாபகம் வந்தது. வாகனத்துக்குச் செய்வதுபோல் இதற்கும் கண் திறந்துவிடச் சொன்னார் தணிகாசலம், வீடியோ எடுத்துப் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று. கார்தானே என்று குமரகுருவும் சரி என்றுவிட்டான். தங்க ஊசியைத் தேனில் தொட்டு இரண்டு விளக்கிலும் கோடிழுத்து, எதிரே கண்ணாடி காட்டினான். அவன் வீட்டில் அதை விளையாட்டாகச் செய்ததே இல்லை. கண் திறந்த வாகனத்தில் சாமி மட்டும்தான் ஏறலாம். படம் எடுக்கக்கூடக் குழந்தையை உட்கார வைக்க மாட்டார்கள்.

இதில் மாப்பிள்ளைகள் ஏறினார்கள்.

இளவரசனின் ஊர்வலப் படங்களைத் தணிகாசலம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஷெட்டுக்கு வெளியே தூறலில் நின்றபடியே குமரகுரு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். கோயில் வாசலில் எடுத்த படங்களில், ஃப்ளாஷ் அடித்தால் எல்லாருக்கும் ஆவதுபோல், மாப்பிள்ளைக்கு ஒன்றில் அரைக்கண், ஒன்றில் முழுக்க மூடிய கண். மண்டபத்தை நெருங்க நெருங்க எல்லாப் படத்திலும் கண் திறந்தே இருந்தது. அகலமாக. ஒன்று தவறாமல்.

பைக்கை மாகறல் பக்கம் திருப்பினான்.

இளவரசனின் மனைவி பொன்னி கதவைத் திறந்தாள். கையில் சொட்டு மருந்துப் புட்டி.

"நான் வண்டி செஞ்சவன்மா. மாப்ளயப் பாத்துட்டுப் போலாம்னு."

"உள்ள வாங்கண்ணா. பேச மாட்டாரு. டாக்டரு நரம்புன்றாரு."

பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகு நிமிர்த்தி, இரண்டு கையும் தொடைமேல் வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் இளவரசன். மூச்சு இருந்தது. ஈ ஒன்று கன்னத்தில் ஏறி, கண்ணின் வெள்ளையில் நடந்து, மறுபக்கம் இறங்கிப் போனது. இமை அசையவில்லை. குமரகுருவின் இமைதான் அவனுக்காக நாலைந்து முறை அடித்துக்கொண்டது.

"தூங்கறப்ப?"

"நான்தாண்ணா ஈரத்துணி போட்டு மூடறேன். எடுத்தா அப்டியேதான் இருக்குது." பொன்னி அவன் தலையைச் சாய்த்து மருந்தை விட்டாள். அது கண்ணில் நிற்காமல் வழிந்தது. "அன்னிக்கு வண்டியிலிருந்து நாலு பேரு சேந்து தூக்கித்தான் எறக்கனாங்க. வெக்கப்படறாருன்னு சிரிச்சிக்கினு இருந்தோம்."

சாமிக்குத்தான் இமை கொட்டாது. அது குமரகுருவின் வீட்டிலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், சிலைக்குக் கண் எழுதும்போது அப்பா சொல்லிக்கொண்டே எழுதுவார். வெளியே வந்து தம்பிக்கு ஃபோன் போட்டான்.

"இன்னாண்ணா, எங்க கீற? மேக்கப்பெல்லாம் போட்டு முடிச்சிட்டாங்க, நீ மட்டும் காணோம்," என்றான் லோகேஷ். பின்னால் மேளம் சுருதி கூட்டுவது கேட்டது.

"லோகு, அந்த வண்டியில ஏறாதடா. ஆட்டோல வந்துரு."

"மாப்ள அழைப்புக்கு ஆட்டோவா? சுகாசினி வீட்ல பொண்ண ஷேர் ஆட்டோல அனுப்பிடுவாங்க."

"வெளையாட்டு இல்லடா. சொன்னா கேளு."

"உன் கையால செஞ்ச வண்டின்னு மாமனாரு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. நீ இன்னா, வேணாங்கற? சீக்கிரம் வாண்ணா, அம்மா திட்டுது."

மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. தணிகாசலமும் எடுக்கவில்லை. மழை வலுத்தது. பாலாற்றுப் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று, பேருந்துகள் வரிசை கட்டியிருந்தன. கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஹேண்டில் உரச உரசப் போனான். ஊருக்குள் நுழைந்தபோது கரண்ட் போயிருந்தது. பட்டுக் கடைகளின் ஷட்டர்களுக்குக் கீழே ஈரம் மினுங்கியது. எங்கோ நாதஸ்வரம் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தது.

ராஜ வீதி முனையில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஜெனரேட்டர் விளக்குகளைத் தலையில் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் நடக்க, நடுவில் அது வந்தது. பின்னிருக்கையின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான் லோகேஷ். கோட்டு, ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம். கையசைத்தான். சிரித்தான். கண் இமைத்தான்.

இமைத்தான். குமரகுருவுக்கு மூச்சு வந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். மத்தாப்பு வெளிச்சத்தில் முகப்பைப் பார்த்தான். விளக்கின் மேல் விளிம்பு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஃபைபர் முறுகும் கரகர ஓசையோடு ஒரு நூல் அளவு இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான். லோகேஷின் இமை பாதி வந்தது. நின்றது. மேலே போனது.

மறுபடி வரவில்லை.

"தணிகாசலண்ணா, நிறுத்து. வண்டிய நிறுத்துண்ணா."

மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கதவின்மேல் காலை வைத்து ஏறித் தம்பியின் கையைப் பிடித்தான்.

"எறங்குடா லோகு. வாடா."

லோகேஷின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து, உதடு அசையாமல், சின்னப் பிள்ளையின் குரலில் வந்தது.

"ண்ணா. கண்ண மூட முடியல."

"என்னப் பாரு. என் கையப் புடிச்சிக்கினு குதி."

"ண்ணா, எரியுது."

இழுத்தான். வரவில்லை. தோளைக் கட்டி இழுத்தான். கோட்டு கிழிந்தது, உடம்பு நகரவில்லை. அவன் பிடியிலிருந்த தம்பியின் விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து விறைத்தன. ஆசி கொடுப்பதுபோல் உள்ளங்கை வெளியே திரும்பி நின்றது. குரல் நின்றுவிட்டது.

எதிரே ஒரு கடைக் கண்ணாடியில் தெரிந்த முகப்பு விளக்குகள் மூன்று கோடாகச் சிறுத்தன. 2024. அதோடு நிற்கவில்லை. கோடுகள் ஒன்றாயின. ஒன்றும் மறைந்தது. எந்த வருஷத்துப் படத்திலும் குமரகுரு பார்க்காத முகம். கண்ணை மூடிக்கொண்டு, வாயை மட்டும் திறந்த முகம்.

நாதஸ்வரம் சினிமாப் பாட்டை நடுவில் விட்டது. ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும். பிறகு, யாரும் சொல்லாமலே, மல்லாரியை எடுத்தது. சாமி புறப்படும்போது வாசிப்பது. வாசித்தவரின் கன்னங்களில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் நிற்கவில்லை.

"அம்மா," என்று கத்தினான் குமரகுரு. "அம்மா, லோகுவப் பாரும்மா."

அவன் அம்மா கமலாட்சி காருக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். திரும்பினாள். இளைய மகனை அண்ணாந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் போட்டுக்கொண்டாள். விளக்குச் சுமந்தவர்கள் சுமையோடு குனிந்தார்கள். செருப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மத்தாப்பு பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்கள்.

மண்டப வாசல் வந்தது. வாழைமரத்துக்குக் கீழே சுகாசினி வீட்டார் தாம்பாளத்தோடு நின்றார்கள். கார் நிற்கவில்லை. அவர்களும் கையை உயர்த்திக்கொண்டே பின்னால் நடக்க ஆரம்பித்தார்கள். குமரகுரு ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கக் குனிந்தான். தணிகாசலத்தின் இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருந்தன. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. கார் அடுத்த வீதிக்கு வளைந்தது.

வளைந்த வேகத்தில் அவன் தெருவில் விழுந்தான். முட்டி கிழிந்தது. எழுந்து மண்டியிட்டான். மேலே, குடையில்லாமல், கண்களில் மழை நேராக விழ, இமைக்காமல் தம்பி போய்க்கொண்டிருந்தான். கூட்டம் மண்டியிட்டிருந்த குமரகுருவைச் சுற்றிக்கொண்டு வண்டியின் பின்னால் நடந்தது.

ஓடு. இழுத்துப் போடு. வண்டியைக் கொளுத்து.

குமரகுரு எழ முயன்றான். கால் வரவில்லை. கைகள் மட்டும் அசைந்தன. தொடையிலிருந்து எழுந்தன. வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல, ஒன்றை ஒன்று தேடி, மெல்ல, நெஞ்சுக்கு நேராக வந்து கூடின.