ரிஸ்பாவுக்கு மட்டும் தெரியாத வார்த்தை

செத்துப்போனவனின் செல்போன் அடித்தது!

அவூர் திடுக்கிட்டுத் திரும்பினாள். அலமாரித் தட்டில் தம்பி ஒடேராவின் செல்போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே வந்திருந்தது. விழுவதற்குள் பாய்ந்து பிடித்தாள்.

அழைப்பு இல்லை... அலாரம்!

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஒடேரா வைத்துவிட்டுப் போனது. திரையில் அவன் எழுதிய வரி.

'டேய் போலிகளா... ஆட்டத்துக்கு வாங்கடா!'

படங்கள் பார்ப்பதற்காகத்தான் அந்தப் போனை அவள் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். வாரா வாரம் இந்த அலாரம் அடிக்கும். வாரா வாரம் அணைத்துவிட்டு அழுவாள்.

இன்று அழவில்லை. ஒகோலாவுக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டியா?"

"இப்பத்தான்க்கா. என்ன விஷயம்?"

"வாடா, விளையாடலாம்."

 ஒகோலாவின் குரல் உடைந்து வந்தது.

"அவன் இல்லாமலா?"

"அவன்தான் கூப்பிடுறான்."

*

கிசுமு நகரத்து ஏரிக்கரையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தவன் ஒடேரா. அவூர் வளர்த்த பிள்ளை. அம்மா போனபிறகு, தலைமுடி பின்னும் கடையில் நின்று நின்றே அவனை ஆளாக்கியிருந்தாள்.

போன மழைக்காலத்து சாயங்காலம் ஒன்றில், கரையோர ரோட்டில், ஏதோ ஒரு வண்டி அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. விடியற்காலையில் மீன்காரர்கள் பார்த்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம்.

"யாராவது நிறுத்தித் தூக்கிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பான்மா..."

டாக்டர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவூரின் காதுக்குள் குடியேறிவிட்டது. எந்த வண்டி என்று போலீசுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

*

ஒகோலா வந்தான். ஒடேராவின் பால்ய நண்பன், எலக்ட்ரீஷியன். வாய் ஓயாதவன்.

ரிஸ்பா வந்தாள். ஒடேராவுக்கு நிச்சயம் ஆனவள். சாவு வீட்டில் அவூரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மடியில் போட்டுக்கொண்டவள். இன்றைக்கும் கையில் எண்ணெயில் பொரித்த மந்தாசி பலகாரத்தைச் சூடாக வைத்திருந்தாள்.

"எனக்கு விளையாட மனசில்லக்கா."

"எனக்கு மட்டும் இருக்கா? உக்காரு."

அவூரின் கணவன் லமேக் டீ டம்ளர்களை மேஜையில் வைத்தான். ஐந்தாவது நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

ஆட்டம் சுலபம். ஒடேராவின் போனைக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொருவரும் ரகசியமாகப் பார்க்க வேண்டும். திரையில் எல்லோருக்கும் ஒரே வார்த்தை வரும். ஒருவருக்கு மட்டும் வார்த்தை வராது... 'நீதான் போலி' என்று வரும். பிறகு ஆளுக்கொரு குறிப்பு. போலிக்கு வார்த்தை தெரியாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, தெரிந்ததுபோலவே நடிக்க வேண்டும். யார் போலி என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

போன் சுற்றி வந்தது.

அவூர் பார்த்தாள். 'தக்காளி.'

"ப்பூ! இதுக்குக் குழந்தைகூட குறிப்பு சொல்லும்" என்றான் ஒகோலா.

"நீ சும்மா இரு. லமேக், ஆரம்பி."

லமேக் டீயை உறிஞ்சினான்.

"சிவப்பு."

"அடேங்கப்பா, பெரிய மூளை! நான் சொல்றேன் கேளுங்க... நசுங்கிடும்!"

அவூர் யோசித்தாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி, சாக்கு விரித்துக் குவித்து விற்கும் பெண்கள் ஞாபகம் வந்தார்கள்.

"ரோட்டோரம்."

ரிஸ்பாவின் முறை.

 முகத்தில் ரத்தம் இல்லை. கையிலிருந்த டம்ளர் சரிந்து, டீ மேஜையெல்லாம் வழிந்தது.

"சொல்லுடி."

"ம... மழை."

ஒகோலா கைதட்டிச் சிரித்தான். "மழையா! மாட்டிக்கிட்டா!"

ரிஸ்பா அவனைப் பார்க்கவில்லை. அவூரையே பார்த்தாள்.

"எப்போக்கா தெரிஞ்சுது?"

"நீதான்னா? இப்பத்தான்டி!"

"மழைன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கோ ரிஸ்பா, ஒத்துக்கோ!" ஒகோலா மேஜையைத் தட்டினான்.

ரிஸ்பா ஒத்துக்கொண்டாள்.

நாற்காலியிலிருந்து சரிந்து, அவூரின் கால்களைக் கட்டிக்கொண்டு, தரையில் நெற்றி மோத மோத அலறினாள்.

"வேணும்னு அடிக்கலக்கா! சத்தியமா அவர்னு தெரியாதுக்கா! மழையில கண்ணே தெரியல... ஆடுன்னு நெனச்சேன்க்கா! மறுநாள் காலைல நீங்க போன்ல சொன்னப்பத்தான்... நான் ஓட்டின ரோடு... அதே இடம்..."

ஒகோலாவின் கை மேஜைமேல் பாதியில் நின்றது.

அவூருக்கு வார்த்தைகள் காதில் விழுந்தன. அர்த்தம் வந்து சேர நேரம் பிடித்தது.

"ரிஸ்பா..." குரல் அவளுடையது போலவே இல்லை. "வார்த்தை தக்காளிடி."

ரிஸ்பா தலைநிமிர்ந்தாள்.

"என்னது?"

"தக்காளி. வெறும் தக்காளி. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது..."

வெளியே யாரோ ஆட்டோவுக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள். 

ஒகோலாதான் முதலில் பேசினான். கிண்டலெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"உனக்குத்தான் வண்டி ஓட்டவே தெரியாதே?"

"கத்துக்கிட்டிருந்தேன். அவருக்குச் சொல்லாம. கல்யாணத்தன்னைக்கு நானே அவரை உக்கார வெச்சு ஓட்டிட்டு வரணும்னு ஆசை..."

"அந்த மழையில அவன் எதுக்கு அங்க நடந்து வந்தான்?" அவூர் கேட்டாள்.

"என்னைத் தேடி வந்திருக்கார்க்கா. வீட்டுல நான் இல்லன்னதும், மழையில மாட்டிக்கிட்டேனோன்னு குடை எடுத்துட்டு வந்திருக்கார். எங்கம்மா சொன்னாங்க."

அவூர் குனிந்து அவள் முகத்தைப் பிடித்தாள். அடிக்கத்தான் பிடித்தாள். கை எழவில்லை. அந்த முகத்தில் தம்பியின் எத்தனை முத்தம் இருக்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

"யாருடி கத்துக்கொடுத்தா?"

ரிஸ்பா அவள் கையிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டாள்.

"யாரோட வண்டிடி?"

ரிஸ்பாவின் கண்கள் தரைக்குப் போயின. அந்தக் கண்கள் தவிர்த்த திசையில்... லமேக் உட்கார்ந்திருந்தான்.

சாவு முடிந்த வாரம். லமேக்கின் பிக்கப் வண்டியில் முன்விளக்கு புதிதாகப் பளபளத்தது. 'கல்லு பட்டுச்சு' என்றானே? அந்த வண்டியில்தானே சவப்பெட்டியையே ஏற்றிப் போனோம்?

"லமேக்..."

அவன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"அவூர், அவ பதறிட்டா. நான்தான் ஆடு, போ போன்னு சொன்னேன். அவ மேல தப்பில்ல."

"ஆடுன்னு நீ நெனச்சியா... இல்ல, சொன்னியா?"

"அது..."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு!"

லமேக்கால் பார்க்க முடியவில்லை.

"பக்கக் கண்ணாடியில பார்த்தேன். யாரோ ஆளு. விழுந்து கிடந்து... கையை ஆட்டினான்."

"அண்ணே!"

அந்த அலறல் ரிஸ்பாவுடையது. அவூரின் காலை விட்டுவிட்டு, காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"ஆடுன்னீங்களே! உயிர் இருந்துதா? என்னை நிறுத்தச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே! ஓடிப்போய்த் தூக்கியிருப்பேனே!"

"லைசென்ஸ் இல்லாதவ கையில வண்டியைக் கொடுத்தவன் நான்! ஜெயிலுன்னு பயந்துட்டேன் அவூர். யாரோன்னு நெனச்சேன். ஒடேரான்னு சத்தியமா தெரியாது!"

"யாரோவா இருந்தா விட்டுட்டு வரலாமா லமேக்?"

கத்தவில்லை அவள். மிக மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் லமேக் அடிபட்டவன் மாதிரி சுவரோடு சாய்ந்தான்.

அன்று ராத்திரி 'ஒடேரா இன்னும் வரலையே' என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தவள் அவூர். 'மழை விட்டதும் வந்துடுவான், படு' என்று போர்வையை இழுத்துவிட்டவன் இவன். போர்வைக்குள் அவளுக்குக் கதகதப்பாக இருந்தது. ரோட்டில் அவனுக்கு...

நினைப்பை அங்கேயே வெட்டினாள். மேலே நினைத்தால் எழுந்து நிற்க முடியாது.

நின்றாள். சுவரில் தொங்கிய பிக்கப் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். தன் போனில் போலீசுக்கு அழைத்தாள். பெயர் சொன்னாள். தம்பி பெயர் சொன்னாள். ரிஸ்பா பெயர் சொன்னாள். கணவன் பெயர் வந்ததும் நிறுத்தினாள். ஒகோலா தண்ணீர் நீட்டினான். குடித்துவிட்டுச் சொன்னாள்.

ரிஸ்பா தரையில் சுருண்டு கிடந்தாள். அவூர் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அவள் தலையை வருடினாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கிளம்பிட்டோம்மா" என்றது மறுமுனை. "நாங்க வர்றவரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே இருப்பாங்களா? ஓடிட மாட்டாங்களே?"

அவூர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"மாட்டாங்க சார். சாவி என்கிட்ட இருக்கு. இவங்களுக்கு வண்டி இருந்தாத்தான் ஓடத் தெரியும்!"