இடது பக்க விளக்கு

ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் சுகாசினி சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தபோது கையில் ஒரு காகிதப் பை இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு ஹெட்லைட் பல்பு, நாலைந்து தாள் வாட்டர் பேப்பர், சின்ன டப்பாவில் பாலிஷ்.

"லைசென்ஸ் வந்துடுச்சுப்பா. இனிமே நான் நம்ம கார ஓட்டிக்கினு போறேன். வண்டிய எடு."

யேசுதாஸ் பையைத் தொடவில்லை. "கம்பெனி பஸ்ஸு இருக்குது இல்ல? இப்ப எதுக்கு வண்டி?"

"அது அம்மா ஆசைப்பட்டு வாங்கின வண்டிப்பா. ஷெட்டுலயே மக்கிப் போகணுமா?"



யேசுதாஸ் மின்வாரியத்தில் வயர்மேன். ஓரிக்கைப் பக்கம் எந்தத் தெருவில் விளக்கு அணைந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தறி பாதியில் நிற்கிறது என்று யாராவது வந்து நின்றால், சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் வண்டியின் விளக்கை மட்டும் கவனிக்கவே இல்லை. கலாவதி எத்தனையோ முறை சொல்லியிருந்தாள்.

கலாவதி அவர் மனைவி. வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தில் நர்ஸ். பதினாலு மாதத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு மழைச் சாயங்காலம், ரோட்டோரத்தில் நின்றவளை லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சுகாசினிக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஷெட்டில் விட்ட வண்டிமேல் தார்ப்பாய் போட்டு மூடியவர் பிறகு அதைத் திறக்கவே இல்லை.

"நீ எடுக்கலைன்னா நானே எடுக்கறேன்" என்று சுகாசினி சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மங்கின விளக்கோடு மகள் ரோட்டில் போவதை யேசுதாஸால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குப் போனார்.

தார்ப்பாயை உருவியதும் எலிப்புழுக்கை வாடையும் பழைய ரப்பர் வாடையும் சேர்ந்து வந்தன. வெயிலில் நின்று நின்று முன்விளக்கு இரண்டும் ஏற்கெனவே மஞ்சள் பூத்திருந்தன. இப்போது கண்ணில் புரை விழுந்த கிழட்டு மாடு மாதிரி வண்டி அவரைப் பார்த்தது.

பேட்டரியைச் சார்ஜ் போட்டு மாட்டினார். பானட்டைத் தூக்கி, விளக்குக்குப் பின்னால் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியைத் தள்ளிப் பழைய பல்பை எடுத்தார். வலது பல்பில் கொஞ்சம் உயிர் இருந்தது. இடது பல்பு உள்ளே புகை பிடித்துக் கறுத்து, இழை அறுந்து கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாப்பா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. புதுப் பல்பக் குடு. கண்ணாடியில வெரல் படக் கூடாது, துணியால புடி. கை எண்ணெ பட்டா சீக்கிரம் போயிடும்."

பல்பு மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. மேல் மூடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். அது பூத்துப்போனால் உள்ளே சூரியனையே வைத்தாலும் வெளிச்சம் வெளியே வராது. சுற்றிலும் பெயிண்டில் கீறல் விழாமல் டேப் ஒட்டினார். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வலது விளக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மெல்லிசானது, அதற்கப்புறம் அதைவிட மெல்லிசானது. மஞ்சள் கலந்த பால் மாதிரி தண்ணீர் வடிந்தது. கடைசியில் பாலிஷைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்ததும், திரை விலகின மாதிரி உள்ளே பல்பு பளிச்சென்று தெரிந்தது.

"சூப்பர்ப்பா! புது வண்டி மாதிரி இருக்குது" என்று சுகாசினி கை தட்டினாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

இருட்டத் தொடங்கும்போது சுவிட்சைப் போட்டுப் பார்த்தார்கள். எதிரே பக்கத்து வீட்டின் வெள்ளையடித்த பின்சுவர். வலது விளக்கின் வெளிச்சம் வெள்ளை வட்டமாக விழுந்தது. இன்னும் தேய்க்காத இடது விளக்கின் வெளிச்சம் மோர் ஊற்றின மாதிரி மங்கலாக இருந்தது.

அந்த மங்கலுக்கு நடுவில் ஒரு கறுப்புத் திட்டு.

"அந்தப் பக்கம் அழுக்கு அப்பிக்கினு இருக்குதுப்பா" என்றாள் சுகாசினி.

யேசுதாஸ் துணியை எடுத்து இடது விளக்கைத் துடைத்தார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். திட்டு அப்படியே இருந்தது. இன்னொரு முறை துடைத்தார். உயரமாய், ஒடுக்கமாய், நட்டு வைத்த கம்பம் போல நின்றது.

"நாளைக்குத் தேச்சா போயிடும்" என்று சுவிட்சை அணைத்தார். 

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் ஜெபம் முடித்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு இடது விளக்கைத் தொட்டார். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. எதிர்ச்சாரியில் யார் வீட்டுத் தறியோ தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. சுகாசினி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள்.

முதல் தாள் தேய்த்து முடியும்போது ஒரு வாசனை வந்தது. டெட்டால் வாசனை. அதோடு மழையில் நனைந்த பருத்திச் சேலை வாசனை.

சுகாசினி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"அப்பா... உனக்கு வருதா?"

"இன்னாது?"

"அம்மா வேலைக்குப் போயிட்டு வந்தா அடிக்குமே, அந்த வாசனை."

"மழை வர்ற மாதிரி இருக்குது. மண்ணு வாசனைம்மா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் தேய்த்தார். விளக்கு தெளியத் தெளிய வாசனை ஏறியது. நிறுத்திவிடலாமா என்று கை தயங்கும். மகள் இந்த விளக்கை நம்பித்தானே ரோட்டில் போகப் போகிறாள் என்று நினைப்பு வரும். மறுபடி தேய்ப்பார்.

பாலிஷ் போட்டு முடித்தபோது ஆறே கால். தூறல் விழுந்தது. அதே நேரம் தெருவில் கரண்ட் போய்விட்டது. தறிச் சத்தம் பட்டென்று நின்றது.

"போட்டுப் பாருப்பா."

சுவிட்சைப் போட்டார்.

இப்போது இரண்டு வட்டமும் சுண்ணாம்பு வெள்ளையாக விழுந்தன. வலது வட்டத்தில் தூறலைத் தவிர எதுவும் இல்லை. இடது வட்டத்தின் நடுவில் ஒரு பெண்ணின் நிழல் நின்றது. தோளில் ஒரு பை தொங்கியது. தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். வண்டியை நிறுத்துவதற்குக் கை காட்டுவது போல ஒரு கை மேலே உயர்ந்திருந்தது.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் இல்லை.

"அப்பா" என்று சுகாசினி கிசுகிசுத்தாள். "யாருப்பா அது?"

யேசுதாஸ் முன்னால் போய் இடது விளக்கை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினார். சுவரில் வட்டம் மறைந்தது.

நிழல் மறையவில்லை.

இருட்டைவிட இருட்டாக அங்கேயே நின்றது.

கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நிழல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பார்க்கப் பார்க்க இன்னும் பெரிதாயிற்று. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் வளரும். காலமெல்லாம் விளக்கோடு கிடந்தவருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது சுவரில் வளரவில்லை. வண்டியை நோக்கி ஓடி வருகிறது.

சுவரை மீறி ஓட்டுக்கு மேலே போயிற்று நிழல்.

ஈரக்காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

பிறகு பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து, யாரோ மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கியபடி கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"நீங்களா?"

சுகாசினி வாயைப் பொத்திக்கொண்டாள். யேசுதாஸ் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். பானட்டுக்கு அடியில் ஏதோ க்ளிக் என்றது. இரண்டு விளக்கும் தாமாகவே அணைந்தன.



"அது அம்மா குரல்" என்றாள் சுகாசினி. "அம்மா ஏன்பா அப்படிக் கேட்டாங்க?"

அவர் கீழே கிடந்த பாலிஷ் துணியை எடுத்து மடித்தார். 

"ஏன்பா கேட்டாங்க? சொல்லு."

சொன்னார். பதினாலு மாதமாக நெஞ்சில் கிடந்ததை ஷெட்டின் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். அன்றைக்கு பஸ் பஞ்சர் ஆகி வழியில் நின்றுவிட்டது. வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கலாவதி போன் பண்ணினாள். நல்ல மழை. இடது விளக்கு செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது, வலது விளக்கு அகல் மாதிரி எரிந்தது. புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றவள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தூக்கியபடி ஓடி வந்தாள். இடது பக்கமாக வந்தாள். அவர் பார்க்கவே இல்லை. வேகம்கூட இல்லை, ஒரு தட்டுதான். ஆனால் விழுந்தவளின் பின்தலை மதகுக் கல்லில் பட்டுவிட்டது. ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்து ஒரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில என்ன மோதிச்சுன்னு கேட்டாங்க. லாரின்னேன். ஒரே வார்த்தைம்மா. வண்டியில கீறல்கூட இல்ல. யாரும் திருப்பிக் கேக்கல. அப்புறம் உன் மூஞ்சப் பாத்து மாத்திச் சொல்ல முடியல."

சுகாசினி அழவில்லை. இருட்டில் அவள் முகமும் தெரியவில்லை.

"விளக்கு மாத்தாம உட்டியே, அதக்கூட மன்னிப்பேன்பா" என்றாள். "பதினாலு மாசமா ரோட்டுல ஒவ்வொரு லாரியப் பாக்கறப்பவும், நாசமாப் போன்னு சாபம் உட்டுக்கினே வந்தேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருந்தியே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், "போறேன்" என்றாள். அந்த வீட்டிலிருந்து எப்போது கிளம்பினாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லுவாள். அந்த ஒரு சொல்லின் வித்தியாசத்தைத் தெருமுனைவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார் யேசுதாஸ்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். இருந்த அதிகாரி படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ நாள் கழிச்சு ஏன்யா வந்த?" என்றார். "அவ கேட்டா சார். பதில் சொல்லணும் இல்ல?" என்றார் யேசுதாஸ். அதிகாரிக்குப் புரியவில்லை. வண்டியை எங்கேயும் ஓட்டக் கூடாது, வந்து பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். இரண்டு பல்பையும் எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வண்டிமேல் மறுபடி தார்ப்பாயைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மகளுக்குப் போன் பண்ணினார். எடுக்கவில்லை. புதன்கிழமையும் எடுக்கவில்லை. இரண்டு நாளும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. கலாவதியின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, "ஆமாம் கலா, நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"அப்பா." சுகாசினிக்கு மூச்சு வாங்கியது. "எங்க இருக்க?"

"வீட்டுலதாம்மா."

"பொய் சொல்லாத. எனக்குப் பின்னாடி வந்துக்கினு இருக்கறது நீதான?"

"இல்லம்மா. இன்னா ஆச்சு?"

"இங்க ஊர் பூரா கரண்ட் இல்ல. மழை வேற. பஸ்ஸு மெயின் ரோட்டுலயே இறக்கி உட்டுடுச்சு. ஹாஸ்டலுக்கு ஏரிக்கரை வழியா நடந்து வந்தேன்பா. வழியெல்லாம் ஒடச்சுக்கினு தண்ணி ஓடுது. பின்னாடி ஒரு வெளிச்சம் அடிச்சுது. நான் நடந்தா நடக்குது, நின்னா நிக்குது. பள்ளம் மேடெல்லாம் பளிச்சுன்னு காட்டிக்கினே வருது. வண்டிச் சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா கண்ணு கூசுது. ஒத்த லைட்டுப்பா. ஒரே ஒரு லைட்டு."

யேசுதாஸ் போனைக் காதில் வைத்தபடியே பின்கதவைத் திறந்தார்.

ஷெட்டில் தார்ப்பாயின் அடியிலிருந்து வெளிச்சம் கசிந்து தரையில் கோடாக விழுந்திருந்தது.

கிட்டப் போய் நுனியைத் தூக்கினார். வலது விளக்கு இருண்டு கிடந்தது. இடது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் உள்ளே பல்பு இல்லை. மாட்டும் இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கறேம்மா."

"நான் ஹாஸ்டல் கேட்டாண்ட வந்துட்டேன். அது அங்கயே நின்னுடுச்சு. உள்ள போ, உள்ள போன்னு சொல்ற மாதிரி அணைஞ்சு அணைஞ்சு எரியுதுப்பா."

அவர் கண்ணெதிரே இடது விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. மறுபடி அணைந்து எரிந்தது.

"உள்ள போம்மா" என்றார். 

அந்தப் பக்கம் இரும்புக் கதவு கிறீச்சென்று சாத்துகிற சத்தம் கேட்டது. விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. யேசுதாஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

வெகுதூரம் ஓடி வந்த விளக்கு போல அது சுட்டது.