நெற்றியில் ஓரிடம்

தலையணையில் மண்ணெண்ணெய் மணத்தது. பத்மாதேவி உறையை மூன்று முறை மாற்றிவிட்டாள். அந்த அறையில் மண்ணெண்ணெய் அடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை.

லேசர் சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். முகத்தில் வெயில் படக்கூடாதென்று கட்டுகஸ்தோட்டை வாடகை அறையின் யன்னல் சீலைகளைப் பகலிலும் இழுத்துவிட்டு, கீழே மடவளை பஸ்காரன் கூவி ஆள் ஏற்றுவதைக் கேட்டபடி, களிம்பும் பொருக்குமாக அரித்த கன்னத்தைச் சொறியாதிருக்கக் கைகளைத் தொடைக்கடியில் அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

நாற்பத்தாறு வயதில் யாருக்கு வேண்டும் அழகு? இடக்கன்னத்துத் தீத்தழும்பைக் கண்டால் போதும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸிலிருந்து இறக்கி, எந்த முகாமில், எந்தச் சண்டையில் பட்டதென்று கேட்டார்கள். போன மாதம் இரண்டு நாள் அடைத்தும் வைத்தார்கள். இனிப் பிடித்தால் விடமாட்டார்களாம். அந்தப் பயம்தான் அவளைக் கிளினிக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தியது.

“பொருக்க பிச்சிப்போட வாணாம் டீச்சர், அது தானா உதிரும்,” என்று அன்றைக்கே சொல்லியனுப்பியிருந்தாள் கிளினிக் தாதி உம்மு குல்சும். “நெத்தியில லேசர் படல்ல. பொட்டு வெச்சிக்கிடலாம்.”

“நான் பொட்டு வைக்கிறேல்லை.”

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்திலிருந்து வைப்பதில்லை. அன்றைக்கு முன்வாசலில் கூட்டம் வந்தபோது, தெருவில் தமிழரென்று தெரியாதிருக்கப் பொட்டை அழித்துவிட்டுப் பின்கதவால் ஓடினாள். தங்கை சத்தியபாமாவின் நெற்றியை அவள் பார்க்கவில்லை. பொய். பார்த்தாள். நின்று பொட்டை அழிக்கச் சொல்ல நேரமில்லையென்று ஓடினாள். சந்தியில் பத்மாதேவியை விட்டுவிட்டார்கள். பின்னால் பொட்டோடு வந்தவளைப் பிடித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எரிந்துகொண்டே ஓடிவந்த தங்கை அக்காவின் கன்னத்தைப் பற்றினாள். தழும்பு ஐந்து விரல் அகலம்.

பிற்பகல் மூன்று மணிபோல் கடைசிப் பொருக்கு மடியில் விழுந்தது. கைக்கண்ணாடியை எடுத்தாள். இடக்கன்னம் வழுவழுவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. தழும்பின் சுவடே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. தங்கையின் கை பட்ட கடைசி இடத்தையும் காசு கொடுத்து அழித்துவிட்டாள்.

மண்ணெண்ணெய் மணம் அறை முழுக்கப் பரவியது.

நெற்றி அரித்தது. லேசர் படாத இடம். புருவங்களுக்கு நடுவே வட்டமாக ஒரு சிவப்பு.

சேலைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். பெரிதானது. ஈரமாக. சூடாக.

கீழே ஜீப் நின்றது. படியில் சப்பாத்துச் சத்தம். ஒன்றல்ல, நாலைந்து.

துடைத்தாள்.

கதவு அதிர்ந்தது. “தொர அரின்ன!” கதவைத் திறக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்கள்.

அடையாள அட்டை. எங்கே வைத்தாள்? அலுமாரி. இல்லை. மேசை. எழுந்தாள்.

காதருகே, மிகக் கிட்ட, சின்னக் குரல் ஒன்று கேட்டது.

“அக்கா, என்ரை பொட்டு இன்னும் கிடக்கோ?”

அவள் வாய் திறந்தாள். இந்தமுறையும் சொல் வரவில்லை.

தாழ்ப்பாள் தெறித்தது. கண்ணாடியில் நெற்றி முழுக்கச் சிவப்பு. அதன் கீழே, மினுங்குகிற புதுத்தோலுக்கு உள்ளேயிருந்து, ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக எழும்பி அவள் கன்னத்தைப் பற்றின.