பொட்டு வைக்க எது இடம்?

5 ஆகஸ்ட், செவ்வாய்.
இன்று எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன். அது தப்பு.

தேவமலர் இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தாள். பாச்சாங் ஊர் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்பில் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்று அடுத்த வரி வரவில்லை. கோபம்தான் வந்தது.

மண்டபத்துக்குப் புதிதாக ஒரு தண்ணீர் மெஷின் வந்திருந்தது. குழாய்க்குக் கீழே குவளையை நீட்டினால் போதும், தானாகவே சுடுநீர் கொட்டும். மண்டபத்தைப் பெருக்கி, பிள்ளைகளுக்கு மைலோ பானம் கலக்கிக் கொடுக்கும் மீனம்மா ஆண்ட்டி அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்தார். புதுக் கார் வந்தாலும் புது ஃபிரிட்ஜ் வந்தாலும் யார்தான் பொட்டு வைக்கவில்லை?

அன்றிலிருந்து தண்ணீர் வரவில்லை. "மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சு!" என்றார்கள் எல்லாரும்.

இன்று மெஷின்காரர் வந்தார். சந்தனத்தை டிஷ்யூவால் துடைத்தார். தண்ணீர் கொட்டியது!

"ஆண்ட்டி, மெஷின் சாமி வரம் குடுத்துட்டாரு லா!" என்றான் சுரேன். வகுப்பே சிரித்தது.

மெஷின்காரர் கிளம்பிய பிறகுதான் மண்டபத் தலைவர் ஹரிதாஸ் வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் கடுகடுத்தது.

"மெஷினோட தமிழ்லயே புத்தகம் குடுத்திருக்கான். படிச்சிருக்க வேணாமா மீனம்மா? அடுத்த வாரம் நான் வேற ஆள் பார்த்துக்கிறேன்."

"படிச்சேன் சார்," என்றார் மீனம்மா மெதுவாக. "ஒண்ணும் புரியல. எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்."

தேவமலருக்குக் காது சூடானது. நாட்குறிப்பை மூடிவிட்டு, அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள்.

'அகச்சிவப்பு உணரிச் சாளரத்தின்மீது ஒளிபுகா இடையூறுகள் நேராவண்ணம் பயனர் உறுதிப்படுத்திக்கொள்ளவும்.'

மறுபடியும் படித்தாள். ஒருவேளை தனக்குத்தான் தமிழ் போதவில்லையோ? இருக்கலாம். ஆனால் எல்லாருக்குமா போதாது? கேட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

"அங்கிள், இதைப் படிச்சுட்டு அந்தச் சாளரம் எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க."

"இதென்ன பெரிய விஷயம்?" ஹரிதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மெஷினைச் சுற்றி வந்தார். தண்ணீர் அளவு தெரியும் கண்ணாடியைத் தொட்டார்.

"அது இல்ல, அங்கிள்." மெஷின்காரர் துடைத்த இடத்தைத் தேவமலர் பார்த்திருந்தாள்.

சுரேனை அழைத்துப்போக அவன் அம்மா கோமளா வந்தார். பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். அவரிடமும் புத்தகத்தை நீட்டினாள்.

"எனக்கேவா மெஷின் பாடம்?" என்று சிரித்தபடி படித்தவர், சிவப்பு விளக்கைத் தொட்டார். "இதுதானே?"

"இல்ல ஆண்ட்டி!" தேவமலரின் குரல் உயர்ந்துவிட்டது. "மூணு பேர் படிச்சும் மூணு பேருக்கும் தெரியல. அப்புறம் மீனம்மா ஆண்ட்டிய மட்டும் ஏன் திட்டணும்? எழுதினவங்களத்தானே திட்டணும்?"

ஹரிதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி தேவமலர், நீயே புரியுற மாதிரி எழுது. மீனம்மா அதைப் படிச்சு சரியாச் செஞ்சா வேற ஆள் வேணாம்."

தேவமலர் ஒரு தாளை எடுத்தாள். தான் சரியாக எழுதாவிட்டால் ஆண்ட்டியின் வேலை போய்விடும். யோசித்து எழுதினாள்: 'கறுப்பாக இருக்கும் இடத்தை மறைக்காதீர்கள்.'

மீனம்மா படித்தார். மெஷினைப் பார்த்தார். "பாப்பா, மெஷினே கறுப்புதானே லா!"

சுரேன் வாயைப் பொத்திக்கொண்டான். தேவமலருக்கு அழுகை முட்டியது. நானும் அந்தப் புத்தகம் எழுதியவர்களைப்போலத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தாள். தாளைக் கிழித்தாள்.

இந்த முறை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அதை அப்படியே வரைந்தாள். குழாய்க்கு மேலே, பத்துக் காசு அளவில் ஒரு வட்டம். அதற்கு ஓர் அம்புக்குறி. 'குவளை வருவதை மெஷின் இதன் வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். இதன்மேல் எதையும் பூசவோ ஒட்டவோ வேண்டாம்.' கொஞ்சம் யோசித்துவிட்டு, மெஷினின் உச்சியில் இன்னோர் அம்புக்குறி போட்டாள். 'பொட்டு இங்கே வைக்கலாம்.'

யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கைகாட்டினாள்.

மீனம்மா விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். விரல் குழாய்ப் பக்கம் போனது. தேவமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் அங்கே நிற்காமல் மேலே போய், உச்சியில் அழகாக ஒரு பொட்டு வைத்தது. அடுத்து அவர் குவளையை நீட்டினார்.

தண்ணீர் கொட்டியது.

"முதல் மைலோ யாருக்கு?" என்றார் மீனம்மா, நிமிர்ந்து நின்று.

"எனக்குக் கடைசியா குடுங்க, போதும்," என்றார் ஹரிதாஸ். "நான் பேசினது தப்பு மீனம்மா. நீங்களே இருங்க."

தேவமலர் நாட்குறிப்பைத் திறந்தாள். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் எழுதினாள்.

நாளை: மெஷின் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டும். தமிழ்ப் பக்கத்தை அச்சடிக்கும் முன் யாரிடமாவது படிக்கக் கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும்.