கை எடுத்தாச்சு

தங்கை சொல்லாத வார்த்தைக்கு மூத்தவள் பதில் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து முந்திரி ஆலைக் கூடத்தில் எல்லா இயந்திரங்களும் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. வறுக்கும் உருளை ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்க, ஓட்டையும் பருப்பையும் பிரிக்கும் காற்றாடி இன்னொரு பக்கம் ஊதிக்கொண்டிருக்க, சூடேறிய ஓட்டெண்ணெயின் காரநெடி மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி அங்கேயே தங்கிக்கொண்டது. மேலே, இரும்பு மேடையில் நின்று கொட்டையைக் கொட்டிக்கொண்டிருந்த தங்கை, "அடைச்சுக்கிச்சு. கை போடறேன்க்கா" என்று குரல் கொடுத்தாள். கீழே தூணுக்குப் பின்னால் மின்பலகை பக்கத்தில் இருந்த மூத்தவள் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "நிறுத்தியாச்சு" என்றாள். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. "கை எடுத்தாச்சுக்கா" என்று கேட்டது. "போடறேன்" என்று பச்சைப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"யார்கிட்டக்கா பேசறே?" என்றாள் தங்கை மேலேயிருந்து. "நான் இப்பத்தானே கையை உள்ள விடறேன்."

மூத்தவள் விரலை எடுத்துக்கொண்டாள். ஏதோ காற்றாடிச் சத்தம் காதில் அப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தாள். காது என்று ஒன்று இருந்தால் இந்தக் கூடத்தில் என்ன வேண்டுமானாலும் விழும்.

அந்த வெட்டு இயந்திரத்தை வடிவமைத்த புண்ணியவான் ஒருநாள்கூட பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்க மாட்டான். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தகரப் பெட்டி. அதில் கொட்டையைக் கொட்டினால், அடியில் குறுகும் இடத்தில் கனத்த இரும்புத் திருகு ஒன்று சுழன்று, கொட்டைகளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சங்கிலியில் விடும். சங்கிலி நெடுகக் குழிகள், குழிக்கு ஒரு கொட்டை. அப்படியே வரிசையாகப் போய் வெட்டுக் கத்திக்குள் நுழையும். ஆனால் கொட்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையா என்ன? பருத்தது இரண்டு அருகருகே வந்துவிட்டால் அந்தக் குறுகல் அடைத்துக்கொள்ளும். அதைத் 'தொண்டை' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தொண்டை அடைத்தால் திருகுக்குப் பக்கத்தில் கையை விட்டுத்தான் கிளற வேண்டும். பெட்டிக்கு ஒரு கம்பிவலை மூடி இருந்தது. அது இருந்தால் இன்னும் அடைக்கிறது என்று யாரோ கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குப் பெட்டி தெரியாது, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குப் பலகை தெரியாது. அதனால்தான் அந்தப் பேச்சு. கை போடறேன், நிறுத்தியாச்சு, கை எடுத்தாச்சு, போடறேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நாக்கு தானாகப் பழகிக்கொண்டது. நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போதுகூட தங்கை "எடுத்தாச்சு" என்பாள், மூத்தவள் "போடறேன்" என்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

தங்கைக்கு மூத்தவள்தான் அம்மாவும் அப்பாவும். இந்த வேலைக்குச் சிபாரிசு பிடித்ததும் அவள்தான், அந்த மேடையில் ஏற்றிவிட்டதும் அவள்தான். மேலே இருப்பது தங்கையின் கை என்பதை அவள் ஒரு நிமிஷமும் மறந்ததில்லை.

அடுத்தடுத்தும் அது நடந்தது. தங்கையின் குரல்தான், அதே இழுப்பு, கடைசி 'க்கா'வில் அதே செல்லம். கை உள்ளே இருக்கும்போதே வந்தது. மூத்தவள் ஒவ்வொரு தடவையும் தலையை நீட்டி, "நிஜமாவா?" என்று கத்திக் கேட்க வேண்டியிருந்தது. பயந்தாளா என்றால், பயம் வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மின்பலகையை இயந்திரத்தின் காலிலேயே பொருத்தியிருந்ததால் நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து அவளுடைய வலதுகை மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. சுடுதண்ணீர் டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. பயமும் அப்படித்தான், வந்து நின்றது, உறைக்கவில்லை.

கை எடுத்ததும் பேச்சை விட்டுவிட்டுத் தகரத்தை மூன்று முறை தட்டுவது என்று முடிவு செய்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் அடைப்பு எடுப்பதற்கு முன்னால், தொண்டை வறண்டுவிட்டது என்று தங்கை கீழே இறங்கி வந்து அக்காவின் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே தகரம் தட்டிற்று. மூன்று முறை.

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தங்கை மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு மூடியைத் திருகிக் கொடுத்தாள்.

மெக்கானிக்கை எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயாடி. "தகரம் சூடாறினா தட்டத்தாம்மா செய்யும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான்.

"குரலு?"

"உன் தங்கச்சிக்கு வாய் ஓயுதா? நேத்துப் பேசினது இன்னிக்கு எதிரொலிக்குது."

சொல்லிவிட்டு மேலே ஏறி, பெட்டிக்குள் டார்ச் அடித்துத் தலையை விட்டான். இறங்கி வந்தபோது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"இது எங்கேருந்து வந்த மெஷினு?" என்று கேட்டாள் மூத்தவள்.

"பெயிண்ட் மட்டும்தாம்மா புதுசு. வித்தவன் சொல்லல, வாங்கினவரும் கேக்கல."

அதற்குப் பிறகு அவன் கீழேயிருந்துதான் எண்ணெய் விட்டான்.

சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். தங்கையைத் தரம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, நல்லவேளை அவர் கேட்கவில்லை. "இந்த லோடு முடியட்டும்மா. மாத்திடறேன்" என்றார். லோடில் பாதிக்கு மேல் மூட்டைகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன.

தொடும் யோசனை தங்கையுடையதுதான். "பேச்சும் வேணாம், தட்டும் வேணாம். நான் இறங்கி வந்து உன் தோளைத் தொடறேன். அப்புறம் போடு. பேய்க்கு ஏதுக்கா கை?" என்று சிரித்தாள். மூத்தவள் அதோடு தன் பங்குக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். நிறுத்தியதும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாள். கட்டை இல்லாமல் பச்சைப் பொத்தான் வெறும் பொத்தான்தான்.

அதுவும் நன்றாகவே நடந்தது. குரல் கூப்பிடும், அவள் பேசாமல் இருப்பாள். தகரம் தட்டும், அவள் பேசாமல் இருப்பாள். தங்கை இறங்கி வந்து தோளைத் தொடுவாள்.

லோடின் கடைசி மூட்டைகள் ஓடிய சாயங்காலம், வறுக்கும் உருளையை முன்னாடியே அணைத்துவிட்டார்கள். காற்றாடியும் நின்றிருந்தது. இத்தனை நாளும் எதற்குள் அந்தக் குரல் ஒளிந்திருந்ததோ அந்த இரைச்சல் இல்லாமல் கூடம் விரித்துப் போட்டதுபோலக் கிடக்க, சங்கிலியின் இழுவையும் கத்தியின் டக், டக்கும், எங்கோ ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுவதும் தனித்தனியாகக் கேட்டன. தங்கை மேலே ஏதோ முணுமுணுத்தபடி மூட்டையை உதறினாள். தூசியும் எண்ணெய் நெடியும் விளக்கைச் சுற்றி இறங்கின. நாளைக்கு இந்நேரம் அவள் மேஜையில் உட்கார்ந்திருப்பாள் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

டக்கு நின்றது.

"கடைசி விக்கல்" என்றாள் தங்கை. "கை போடறேன்க்கா."

சிவப்பு. கட்டையைப் பிடுங்கினாள். பையில் போட்டாள். "நிறுத்தியாச்சு."

கொட்டைகள் உரசும் சத்தம். விரல்கள் உள்ளே கிளறும் சத்தம்.

"கை எடுத்தாச்சுக்கா."

அவள் பேசவில்லை.

"கை எடுத்தாச்சுக்கா. போடு."

கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. அவள் தூணின் சுண்ணாம்புக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது என்ன செவிடா?"

அது தங்கை சொல்வதுதான். தங்கை மட்டும்தான் அப்படிச் சொல்வாள். இருந்தாலும் அவள் அசையவில்லை. "நீ இறங்கி வா" என்றாள்.

ஏணி கிரீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. நிதானமாக, வழக்கம்போல. பின்னால் தரையில் கிடந்த ஓட்டுத்தூள் நொறுங்கிற்று. இடது தோளில் கை விழுந்தது.

அவளுக்கு அந்தக் கையைத் தெரியும். ஓட்டெண்ணெய் பட்டுத் தோல் உரிந்து சொரசொரத்த விரல்நுனிகள். கட்டைவிரல் கழுத்தெலும்பின்மேல் மெல்லத் தேய்த்தது. சின்ன வயதில் தூக்கம் வரும்போது தங்கை அப்படித் தேய்ப்பாள். வெதுவெதுப்பாக இருந்தது. மூத்தவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு ஏதோ ஒன்று நன்றாக உறைத்தது, அது நிம்மதி.

"வந்துட்டியா" என்றாள், திரும்பாமலே. கட்டையைச் செருகினாள். "போடறேன்."

பச்சை.

திருகு சுழன்றது. பருத்த கொட்டை மாட்டினால் திணறுமே, அப்படி ஒரு திணறல். பிறகு வழிவிட்டது.

"அக்கா."

மேலேயிருந்து.

சிவப்பு. சங்கிலி நின்றது. எல்லாம் நின்றது. குழாயில் ஒரு சொட்டு.

கை இன்னும் தோளில் இருந்தது.

அவள் கழுத்தைத் திருப்பினாள். விரல்கள் தெரிந்தன. புறங்கை தெரிந்தது, அதில் போன வாரம் வறுசட்டியில் சுட்டுக்கொண்ட தழும்பு. மணிக்கட்டு தெரிந்தது.

அதற்கு அப்பால் ஏணி தெரிந்தது. ஏணியில் யாரும் இல்லை.

கத்தத் தோன்றவில்லை. தட்டிவிடவும் தோன்றவில்லை. தட்டினால் கீழே விழும், விழுந்தால் அடிபடும் என்றுதான் தோன்றிற்று. தங்கையின் கை.

மேலே எதுவோ பெட்டியின் விளிம்பில் சாய்ந்தது. பிறகு அந்தக் குரல், வலி இல்லாமல், அழுகை இல்லாமல், தினமும் சொல்கிற மாதிரி சொன்னது.

"கை எடுத்தாச்சுக்கா."

யார் சொன்னது என்று இந்தத் தடவை அவளால் பிரிக்க முடியவில்லை.

தோளின்மேல் விரல்கள் மெதுவாகத் தட்டின. செல்லமாக, அவசரமில்லாமல். போடு என்று.

"போடறேன்" என்றது அவள் வாய்.

தன் வலதுகை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். அது பச்சைப் பொத்தானின்மேல் இருந்தது.